ஒழுக்கும் ஒழுக்கமும்

தமிழில் 'ஒழுகு' என்ற வினை இரண்டு வேலை செய்கிறது. கூரை ஒழுகுகிறது. ஒருவன் நெறிப்படி ஒழுகுகிறான். முதலாவது ஒழுக்கு, இரண்டாவது ஒழுக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பல பொருள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது இடைவிடாத ஓட்டம் என்ற ஒரே அனுபவம்தான். 14ஆம் அதிகாரத்துக்கு ஒழுக்கமுடைமை என்று பெயரிட்ட நூலைக் கொண்டாடுகிற மொழி, குடத்தின் ஓட்டைக்கும் அதே வேரிலிருந்துதான் சொல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

இந்தக் கட்டுரையின் விஷயம் ஒரு காரின் என்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகுவது. இந்தப் பக்கங்களில் அதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். காரண–காரியம் பற்றி நம் தர்க்க நூல்கள் பேசும்போது மண்ணும் குடமும் வருகின்றன, நூலும் ஆடையும் வருகின்றன. அந்த உதாரணங்களில் காரணம் காரியத்தை விட்டு விலகுவதேயில்லை. ஆடையைப் பிரித்தால் நூல் அங்கேயே இருக்கிறது. என்ஜின் ஒழுக்கில் அப்படியில்லை. காரணம் காரியத்திலிருந்து தொலைவில், பெரும்பாலும் மேலே, பெரும்பாலும் மறைவாக இருக்கிறது. நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் எழுத்திலும் நாம் காண்கிற குறைகள் குடத்தைவிட என்ஜினையே அதிகம் ஒத்திருக்கின்றன என்பது என் அபிப்ராயம். அதனால் எழுகிற கேள்வி தார்மிகமானது: குறை தெரிகிற இடத்தைக் குறை பிறந்த இடமாக எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

2

முதலில் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். என்ஜினின் அடியில் உள்ள சேம்பரில் எண்ணெய் கிடக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும், உச்சியில் வால்வுகள் இயங்கும் இடத்துக்கும் ஏற்றுகிறது. வேலை முடிந்த எண்ணெய் தன் கனத்தாலேயே கீழே இறங்கிச் சேம்பரில் சேர்கிறது. இரண்டு உலோகப் பாகங்கள் பொருந்தும் இடங்களில் பேக்கிங். சுழலும் தண்டு வெளியே தலைநீட்டும் இடங்களில் ஆயில் ஸீல். டேப்பட் கவர், டைமிங் கவர், சேம்பர், பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டரின் ரப்பர் வளையம், ட்ரெயின் போல்ட்டின் வாஷர், கிராங்கின் முன் ஸீல், பின் ஸீல் என்று எண்ணெய் வெளியேறுவதற்கு வாசல்கள் பல.

எந்த வாசல் வழியாக வந்தாலும் அது வாசலிலேயே நின்று தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உலோகத்தின் மேல் படலமாகப் படர்ந்து, விளிம்புகளைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. கடைசியில் தாழ்வான ஏதோ ஒரு முனையில் சேர்ந்து சொட்டுகிறது. காலையில் வண்டிக்கு அடியில் தரையில் கிடக்கும் கறை, எண்ணெய் ஒழுகுகிறது என்பதற்குச் சாட்சி. எங்கிருந்து என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

3

என் நண்பர் ஒருவர், கல்லூரி ஆசிரியர், செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய பெட்ரோல் காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். வண்டியின் பெயரும் பட்டறைகளின் பெயர்களும் இங்கே அவசியமில்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில், எண்ணெய் சொட்டியது. முதல் பட்டறையில் குனிந்து பார்த்துவிட்டு, கிராங்கின் பின் ஸீல் போய்விட்டது என்றார்கள். அது மடத்தனமான தீர்ப்பு என்று சொல்ல முடியாது. பின் ஸீல் அந்த இடத்துக்கு நேர் உள்ளேதான் இருக்கிறது. ரப்பர் வயதாகி இறுகிப்போவதும் உண்மை. ஸீலின் விலை அற்பம். ஆனால் அதை எட்டுவதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் கூலி. புது ஸீல் போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாளில் அதே முனையில் அதே சொட்டு.

இரண்டாவது பட்டறையில், சேம்பர் பேக்கிங் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, போல்ட்டுகளை எல்லாம் பலங்கொண்ட மட்டும் இறுக்கினார்கள். அந்த வண்டியின் சேம்பர் மெல்லிய தகடு. அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். கார்க் பேக்கிங் பிதுங்கிப் பிளக்கும். அப்படியே ஆயிற்று. ஒரு ஒழுக்கோடு போன வண்டி இரண்டு ஒழுக்கோடு திரும்பியது.

மூன்றாவது, பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. அறுபதைத் தாண்டிய மெக்கானிக். கூட ஒரு பையன். நானும் போயிருந்தேன். "அண்ணாச்சி, பின் ஸீலும் மாத்தியாச்சு, சேம்பரும் இறுக்கியாச்சு" என்று நண்பர் சரித்திரத்தைச் சொன்னார். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "இருக்கட்டும் சார், மொதல்ல கழுவணும்" என்றார்.

அன்றைய பொழுது கழுவுவதிலேயே போயிற்று. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு பல வருஷத்து அழுக்கைச் சுரண்டி எடுத்து, கம்ப்ரஸர் காற்று அடித்து உலர்த்தி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்தார்கள். டிப் ஸ்டிக்கை உருவி எண்ணெயின் அளவைப் பார்த்தார். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் தொல்லைதான் என்றார். பிறகு என்ஜினின் பின்பக்கமும் பெல் ஹவுசிங்கின் மேலும், குழந்தைகளுக்குப் பூசுகிற டால்கம் பவுடரைத் தூவினார். வண்டியை மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அதன் தலை டேப்பட் கவரின் பின் மூலையில் இருந்தது. "சொட்டுத எடத்தப் பாக்காதீங்க சார். எது ஒசரத்துல நனைஞ்சிருக்குன்னு பாருங்க" என்றார்.

பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அவர் நிற்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தார். மூடி துள்ளியது. புகை குப்பென்று வந்தது. "மூச்சு விட வழி இல்ல. கெடச்ச வழில விடுது" என்றார்.

விஷயம் இதுதான். எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற வழி இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அதை ஒரு குழாய் வழியாகச் சாலையிலேயே விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில், நகரக் காற்று நஞ்சாவதைக் கண்டு, முதலில் கலிஃபோர்னியாவிலும் பிறகு பரவலாகவும், அதை ஒரு வால்வு வழியாக என்ஜினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. அந்த வால்வோ குழாயோ கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். எந்தப் பேக்கிங் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். நண்பரின் வண்டியில் ரப்பர் குழாய் கருந்தாராக அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, டேப்பட் கவருக்குப் புதுப் பேக்கிங் போட்டு, சேம்பரை இறக்கிக் குழிந்த விளிம்பைத் தட்டிச் சமன் செய்து மாட்டினார்கள். குழாயை விட்டுவிட்டுப் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்து வேறொரு வாசல் திறந்திருக்கும்.

4

இனிக் கேள்விக்கு வரலாம். இந்த ஒழுக்கின் காரணம் எது? சொட்டிய முனையா, பேக்கிங்கா, அடைத்த குழாயா, எண்ணெயை வேளைக்கு மாற்றாமல் கசடு சேரவிட்ட பழைய சொந்தக்காரரா?

காலிங்வுட் 1940இல் வெளியிட்ட மெட்டாஃபிஸிக்ஸ் பற்றிய தம் நூலில் ஒரு கார் விபத்தை எடுத்துக்கொள்கிறார். வளைவில் வண்டி சறுக்கிக் கவிழ்கிறது. ஓட்டியவருக்குக் காரணம் வேகம். சாலைப் பொறியாளருக்குச் சாலையின் சாய்வு. வண்டி செய்பவருக்கு அதன் அமைப்பு. ஒவ்வொருவருக்கும், தன்னால் எதை மாற்ற முடியுமோ அதுவே காரணம் என்பது அவருடைய வாதம். காரணம் என்பது நம் கைக்கு எட்டுகிற பிடி. இது கூர்மையான பார்வை. நான் படித்தவற்றில் தத்துவவாதிகள் பட்டறைக்கு இவ்வளவு கிட்டே வந்த இடங்கள் மிகக் குறைவு.

ஆனால் காலிங்வுட்டின் மூவரும் யோக்கியர்கள். தன் கையால் மாற்றக்கூடியதைத் தேடுகிறார்கள். நாம் அறிந்த உலகத்தில் நடப்பது நேர் மாறானது. அவனவன் அடுத்தவன் கையில் இருக்கிற பிடியைத்தான் காரணம் என்கிறான். அல்லது, முதல் பட்டறையைப் போல, தன்னிடம் விற்பனைக்கு இருக்கிற பரிகாரத்துக்குப் பொருத்தமான காரணத்தைக் கண்டுபிடிக்கிறான். கியர்பாக்ஸ் இறக்கத் தெரிந்தவனுக்குப் பின் ஸீல் தெரிகிறது. இறுக்கத் தெரிந்தவனுக்குத் தளர்ச்சி தெரிகிறது. இங்கே அறிவின் குறை, நேர்மையின் குறையிலிருந்து பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குச் சௌகரியமான இடத்தில் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வள்ளுவர் மருந்து பற்றிய 95ஆம் அதிகாரத்தில் நோயை ஆராய்வதையும், நோய்க்கு முதலாக இருப்பதை ஆராய்வதையும், தணிக்கும் வழியை ஆராய்வதையும் தனித்தனிக் காரியங்களாக வைத்து, அதன் பிறகே செய்கையைச் சொல்கிறார். மேடையில் இதை முழங்குபவர்கள் அந்த வரிசையைக் கவனிப்பதில்லை. செய்கை கடைசியில் வருகிறது. மெக்கானிக் ஸ்பானரைத் தொடாமல் இருந்த அந்த ஒரு பகல் முழுவதும் இந்த இடைவெளியைச் சேர்ந்தது.

அவர் கழுவியதில் இரண்டு அம்சங்கள் உண்டு. ஒன்று, தர்க்கம். 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த வித்தியாச முறை அதில் இருக்கிறது: மற்றதெல்லாம் மாறாமல் நிற்க, ஒன்று மட்டும் மாறினால், அந்த ஒன்றைச் சந்தேகி. பழைய அழுக்கு இருக்கும்வரை புது ஈரம் எது என்று பிரிக்க முடியாது. இன்று பெரிய பட்டறைகளில் எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கிறார்கள். சாயமும் பவுடரும் செய்வது ஒரே வேலைதான். இரண்டாவது அம்சம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது. முன்னால் பார்த்தவர்களின் தீர்ப்புகளும் அந்த அழுக்கோடு சேர்ந்தே வந்திருந்தன. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எவர் தீர்ப்பையும் ஏற்கவும் இல்லை. இயந்திரம் தானே பேசுவதற்கு ஒரு வெள்ளைப் பரப்பைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தார்.

5

நான் வங்கியில் குமாஸ்தா. லெட்ஜர் காலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாள் முடிவில் கணக்கு டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்பார்களாம். மீதியின்றி வகுபட்டால், 54ஐ 45 என்று எங்கோ இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு. வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்றும் தேடுவார்கள். இதுவும் பவுடர் தூவுகிற காரியம்தான். தேட முடியாமல் போனால் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று இருந்தது. வித்தியாசத்தை அதில் போட்டு ஏட்டைச் சமன் செய்யலாம். எண்ணெயில் ஊற்றி ரப்பரை உப்ப வைத்துக் கசிவை நிறுத்துகிற திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. சஸ்பென்ஸ் கணக்கு அந்த ஜாதி. சில சமயம் அது அவசியம். அதையே தீர்வு என்று எண்ணத் தொடங்கும்போதுதான் அபாயம்.

லெட்ஜர்கள் போய்க் கணினி வந்துவிட்டது. காஷ் மட்டும் இன்னும் கை மாறுகிறது. அது குறைந்தால், அன்று கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர் தன் பையிலிருந்து போட வேண்டும். அதற்கு முன்பே, பண்டலைத் தூக்கிக்கொண்டு போன தற்காலிகப் பியூன் மேல் எல்லோர் பார்வையும் ஒரு தடவை விழுந்து மீண்டிருக்கும். இரண்டு கவுன்ட்டர் கூட்டத்தை ஒரு கவுன்ட்டரில் தள்ளிவிட்டது யார், ஆள் குறைத்த உத்தரவு எங்கிருந்து வந்தது என்று எவரும் மேலே பார்ப்பதில்லை. தொகை குறைந்தது கவுன்ட்டரில். ஆகவே குறை கவுன்ட்டரில். எண்ணெய் தாழ்ந்த முனையில் சொட்டுவது பூமியின் ஈர்ப்பால். பழி தாழ்ந்த இடத்தில் வந்து சேர்வதற்கும் அப்படியொரு இயற்கை விதி இருப்பதாக நாம் நடந்துகொள்கிறோம். அதில் இயற்கை எதுவுமில்லை. அந்தச் சரிவை மனிதர்கள் அமைத்திருக்கிறார்கள்.

1974இல் வெளியான பிர்ஸிக்கின் ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் பற்றிய நாவலை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதிலும் என்ஜின் எண்ணெயோட்டத்தில் ஒடிந்த ஒரு சின்ன ஊசியைக் காணாமல், பட்டறைக்காரர்கள் வண்டியை நாசமாக்குகிறார்கள். வேலையில் மனம் இல்லாத வெறும் பார்வையாளர்கள் அவர்கள் என்கிறான் கதை சொல்பவன். பிறகு தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறான். வண்டிக்காரனும் மெக்கானிக்கும் ஒருவனாகிவிட்டால் கவனம் முழுமை பெறுகிறது, பிளவு நீங்குகிறது. அமெரிக்காவில் இது சாத்தியமான தரிசனமாக இருக்கலாம். நம் ஊரில் வண்டிக்கு அடியில் படுப்பவனும் உள்ளே உட்கார்பவனும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். அடியில் படுப்பவன் முகத்தில்தான் எண்ணெய் சொட்டுகிறது. அவன் கவனத்தை நாம் கூலிக்கு வாங்குகிறோம், அதுவும் பேரம் பேசி. கழுவுகிற அந்த ஒரு நாளுக்குக் காசு கொடுக்க நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? ஸீலுக்குக் கொடுப்போம், அது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள். தேடியதற்குக் கூலி என்றால் முகம் சுளிப்போம். பட்டறைகள் பாகங்களை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு நம் கஞ்சத்தனமும் ஒரு காரணம். இந்த இடத்தில் கறுப்புக் கோடு நம்மை நோக்கியும் ஏறி வருகிறது.

6

மூலம் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். அதற்கு எதிரான உதாரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. 7 பேர் இறந்தார்கள். பக்கத்து ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவை வெளியே விட்டது. ஃபெயின்மன் விசாரணையில் அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைப் பனிக்கட்டி நீரில் முக்கிக் காட்டியது உலகப் பிரசித்தம். அந்த வளையங்கள் அரிக்கப்படுவது 1981லேயே கண்ணில் பட்டிருந்தது. முந்தின இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் மன்றாடியிருந்தார்கள். மூலம் ஒளிந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அரித்தும் ஒன்றும் ஆகாமல் போனதால், அரிப்பு சகஜமாகிவிட்டது. டயான் வான் என்ற சமூகவியலாளர் 1996இல் இதைப் பற்றி எழுதிய நூலில், பிறழ்வு மெல்ல மெல்ல இயல்பாகிவிடுகிற விதத்தை விவரித்தார்.

"பழைய வண்டின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று நாம் சொல்கிறோமே, அந்த வாக்கியத்தின் கோர முகம் இது. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. சில பழைய என்ஜின்களில் பின் ஸீல் என்று ஒன்றே கிடையாது. தண்டின் மேல் வெட்டிய மரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பும். நின்றால் கொஞ்சம் கசியும். அமைப்பே அப்படி. இன்றைய ரப்பர் ஸீலும் தண்டைக் கவ்விப் பிடித்து முற்றிலும் உலர்த்திவிடுவதில்லை. அதன் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உதடு கருகிப்போகும். மிருதுவான ரப்பர் உதடு பல்லாயிரம் மைல்கள் உரசி, எஃகில் பள்ளம் விழ வைப்பதும் உண்டு. அப்போது எத்தனை புது ஸீல் போட்டாலும் நிற்காது.

இலக்கிய விமர்சனத்தில் நாம் நடத்திவருகிற காரியங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஒரு நாவலின் உரையாடல் பொய்யாக ஒலித்தால் உரையாடலைத் திருத்தச் சொல்கிறோம். அந்த மனிதர்களை ஆசிரியன் எந்த உயரத்திலிருந்து பார்த்தான் என்று ஏறிப் பார்ப்பதில்லை. ஒரு கவிதை தளர்ந்திருந்தால் இறுக்கச் சொல்கிறோம். இறுக்கி இறுக்கித் தகடு வளைந்த கவிதைகள் நம் இதழ்களில் நிறைய. மூச்சு விடும் குழாய் எங்கே அடைத்தது என்ற கேள்வி எழுவதேயில்லை. ஒரு சொட்டும் கசியாத தூய்மையை வேண்டுகிற விமர்சகன், உலர்ந்து கருகும் உதட்டைத்தான் வேண்டுகிறான்.

அப்படியானால் எந்தக் கசிவைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக்கூடாது? எனக்குக் கிடைத்த விடை அந்த ஸீலிலிருந்துதான் வந்தது. உதட்டின் அடியில் இருக்கும் படலம் உள்ளே திரும்புகிறது. சுழலும் தண்டே அதைத் திரும்ப அனுப்புகிறது. ஒழுக்கு திரும்புவதில்லை. ஒரே எண்ணெய், ஒரே பம்ப், ஒரே அழுத்தம். தன் வழியில் போய்த் தன் இடத்துக்குத் திரும்பினால் அந்த ஓட்டத்தால் என்ஜின் உயிரோடிருக்கிறது. திரும்பாவிட்டால் அதே ஓட்டம் அதைக் கொல்கிறது. ஒரு நிறுவனத்தில் தவறு கீழே தெரிந்து, அது பிறந்த இடத்துக்குத் திரும்பப் போய்ச் சேருமானால் அங்கே இன்னும் ஒழுக்கம் இருக்கிறது. கீழேயே சொட்டி, அங்கிருப்பவன் சட்டையில் காய்ந்துவிடுமானால் அது ஒழுக்கு. தமிழ் இரண்டையும் ஒரே வேரில் வைத்ததற்கு இதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.